சாமான் கூடாரம்

1

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என் மகள் கயலை அடித்தேன். தோளுக்குக் கீழே, கையில், ஒரே ஓர் அடி. அவளுக்குப் பத்து வயது. அதுவரை அவள்மேல் நான் கை வைத்ததில்லை.

நாங்கள் இருப்பது நியூஸிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊர். என் கணவர் கம்பத்துக்காரர். இங்கே ஒரு பால் பவுடர் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் காய் நறுக்குகிறேன், பாத்திரம் கழுவுகிறேன். வந்து ஏழு வருஷமாகிறது. ஊரில் நான் ஆசிரியையாக இருந்தேன் என்பதை இங்கே யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் "ஏன் விட்டுவிட்டீர்கள்" என்று கேட்பார்கள்.

கயலின் பள்ளியில் வருஷா வருஷம் ஏரிக்கரையில் மூன்று நாள் முகாம் போடுவார்கள். ஒரு மாதமாக அதற்குப் பயிற்சி நடந்தது. மைதானத்தில் கூடாரம் அடிப்பது, கைகோத்து ஓடையைக் கடப்பது, வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடிப்பது. தினமும் முழங்காலில் மண்ணோடு வருவாள். கேட்டால் பாதி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். நான் மேலே கேட்க மாட்டேன். முகாம் என்ற சொல் வந்தாலே எனக்கு அடுப்பில் வேலை வந்துவிடும்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு கூடாரத்துக்கு நாலு பேர். யார் யாரோடு இருக்க விருப்பம் என்று எழுதித் தர வேண்டுமாம். மூன்று பெயர்தான் இருந்தது.

"நாலாவது ஆளு யாரு?" என்று கேட்டேன்.

"மெலேன்னு ஒரு நியூ கேர்ள். டோங்கான்னு ஒரு தீவுல இருந்து வந்திருக்கா. அவ எங்களோட வேண்டாம்மா. அவகிட்ட ஒரு மாதிரி வாடை. கியர் டென்ட்ல தூங்கட்டும். அங்க நிறைய இடம் இருக்கு."

கியர் டென்ட் என்றால் சாமான்கள் வைக்கிற கூடாரம். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் கை போய்விட்டது.

கயல் அழவில்லை. கையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீ என்னை அடிக்கக் கூடாது. டீச்சர்கிட்ட சொல்வேன்" என்றாள். சொல்லவும் செய்தாள்.

வியாழக்கிழமை பள்ளியில் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன அறை. மேசைமேல் கண் துடைக்கத் தாள் பெட்டி. கயலின் ஆசிரியை நல்ல பெண், என்னைவிட இளையவள். என்ன நடந்தது என்று தணிவாகக் கேட்டாள். 'அடித்தேன்' என்பதற்கு நான் 'பீட்' என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். நம் ஊரில் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாலும் ஆங்கிலத்தில் அதுதான். இங்கே அந்தச் சொல்லுக்கு எலும்பு முறிய அடிப்பது என்று பொருள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். நான் கையில் தட்டிக் காட்டி, இப்படி, ஒரு தரம், என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியாக, "எதனால் அவ்வளவு கோபம் வந்தது?" என்று கேட்டாள்.

வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டேன்.

2

இது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. குச்சனூர்ப் பக்கத்தில் எங்கள் வீடு. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து மேற்கே விலகிய ஓர் ஊரில் பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நான் அறிவியல் ஆசிரியை. பள்ளியின் இயற்கை மன்றம் என் பொறுப்பில் இருந்தது. ஆண் பிள்ளைகளை மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலையடிவாரத்துக்கு முகாம் கூட்டிப்போவார்கள். பெண் பிள்ளைகளையும் கூட்டிப்போகிறேன் என்று தலைமை ஆசிரியரிடம் போய் நின்றேன். "பெத்தவுக ஒத்துக்கிட்டா எனக்கென்னம்மா" என்றார். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். "பொட்டப்புள்ளைகளக் காட்டுக்குள்ள படுக்கப் போடுறதுக்கா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று ஒரு தகப்பன் முகத்துக்கு நேரே கேட்டார். நான் அசரவில்லை. என் குடும்பம் தெரிந்த குடும்பம், இன்னாருடைய மகள் என்பதால்தான் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். எட்டாவதும் ஒன்பதாவதுமாக இருபத்திரண்டு பேர். அதில் காலனியிலிருந்து ஒரே ஒருத்தி. ஒன்பதாம் வகுப்புப் பாண்டீஸ்வரி.

ஆறு சனிக்கிழமை பயிற்சி கொடுத்தேன். கூடாரத்துணி வாங்க வழியில்லை. யூரியா சாக்குகளைச் சேர்த்து, தையலைப் பிளேடால் பிரித்து, வாய்க்காலில் போட்டு மூன்று தரம் அலசிக் காயவைத்தோம். அலசாவிட்டால் கண் எரியும். பிறகு கோணி ஊசியால் சேர்த்துத் தைத்தோம். நாலு பெரிய கூடாரம், ஒரு சின்னது. சின்னது அரிசி, பருப்பு, பாத்திரங்களுக்கு.

முடிச்சுப் போடுவதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். பாண்டீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "டீச்சர், இது காத்தடிச்சா உருவிக்கிரும்" என்றாள். வந்து கயிற்றை வாங்கி, விறகுக் கட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுக் காட்டினாள். நானும் இன்னும் நாலு பிள்ளைகளும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு அடிவாரத்துக்கு விறகுக்குப் போகிறவள் அவள். தூறலில் தீ மூட்டும் பயிற்சியில் மற்றப் பிள்ளைகள் ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றபோது, அவள் ஈர விறகைப் பிளந்து உள்ளே காய்ந்திருந்ததைச் சீவி எடுத்து ஒரே குச்சியில் பற்றவைத்தாள். மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவளுக்கு வெட்கமாகிப்போய்ப் புகைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

அவளை ஒரு குழுவுக்குத் தலைவியாகப் போட்டேன். ஐந்து பேர் அவள் சொன்னபடி கேட்டார்கள். யாரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

நோட்டில் விதிகள் எழுதச் சொன்னேன். தனியாக எங்கும் போகக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும். தனியாகப் படுக்கக் கூடாது. ஆபத்து என்றால் மூன்று தரம் விசில். தானியம் வைத்த இடத்தில் படுக்காதே. தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இதையெல்லாம் கரும்பலகையில் நான்தான் எழுதிப்போட்டேன்.

3

முகாமுக்கு இடம் கொடுத்தவர் எங்களுக்கு ஒரு வகையில் சித்தப்பா முறை. அடிவாரத்தில் அவருக்கு மாந்தோப்பு. பள்ளிக் கமிட்டியிலும் இருந்தார். அவர் மகள் வித்யாவும் முகாமுக்கு வந்தாள். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது வீட்டுக்கு வரச் சொன்னார். காபி கொடுத்தார்கள். சித்தப்பா கடுமையாகப் பேசுகிற ஆள் கிடையாது.

"நல்ல காரியம் பண்ற ஆத்தா. நம்ம புள்ளைகளும் நாலு எடம் பாக்கணும்ல. தோப்பு ஒன்னோடதுன்னு நெனச்சுக்க. மோட்டாரு இருக்கு, தண்ணிக்குப் பஞ்சமில்ல."

"சரிங்க சித்தப்பா."

"ஒண்ணே ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே கூடாரத்துல கலந்து போட்டுறாத. எனக்கு ஒண்ணுமில்ல. நான் அப்பிடிப் பாக்குறவன் இல்ல. ஆனா நாளைக்கு நம்ம ஆளுக எங்கிட்டத்தான் வந்து கேப்பாக. ஒன் தோப்புல வச்சு எங்க புள்ளைய யாரு பக்கத்துலய்யா படுக்கப் போட்டன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

நான் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சமையலுக்கு நம்ம ராசாத்திய அனுப்புறேன். அந்தப் புள்ள அடுப்புப் பத்த வைக்கட்டும், வெறகு கொண்டாரட்டும், அதுல தப்பில்ல. பானையத் தொட வேணாம்."

"அவதான் சித்தப்பா எல்லாத்துலயும் கெட்டிக்காரி" என்றேன்.

"கெட்டிக்காரியா இருந்தா சந்தோசம் ஆத்தா. நான் என்ன வர வேணாம்னா சொல்றேன்?"

முடியாது என்று சொன்னால் தோப்பு இல்லை. தோப்பு இல்லை என்றால் முகாம் இல்லை, மற்ற இருபத்தொரு பிள்ளைகளின் ஆறு சனிக்கிழமை போச்சு. இப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடக் கேவலமானது. சித்தப்பா சொன்னதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காலனியிலிருந்து வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனித் தம்ளர் கொல்லையில் கவிழ்த்திருக்கும். அதை நானும் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள்.

மறுநாள் பாண்டீஸ்வரியை வராந்தாவில் தனியே கூப்பிட்டேன்.

"ஏத்தா, ஒனக்கு ஒரு பெரிய பொறுப்புத் தரப்போறேன். அரிசியும் சாமானும் இருக்குற கூடாரத்த நீதான் காவல் பாக்கணும். அங்கனயே படுத்துக்க. நானும் வந்து ஒங்கூடப் படுத்துக்கிறேன்."

"எலி வருமே டீச்சர்."

"அதுக்குத்தான் ஒன்னப் போடுறேன்."

வகுப்பில் கேள்வி கேட்டு உயிரை எடுக்கிறவள் அவள். அன்று வேறு எதையும் கேட்கவில்லை. "சரி டீச்சர்" என்றாள். "அப்ப என் குழுவ யாரு பாப்பா?" என்றும் கேட்கவில்லை. மறுநாள் அந்தக் குழு வித்யாவிடம் போனது.

4

கயலின் பள்ளியிலிருந்து விஷயம் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள். கயலின் கட்டிலைப் பார்த்தாள். படிவத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் உங்கள் பொறுப்பில் இருந்த குழந்தை யாருக்காவது தீங்கு நேர்ந்ததுண்டா?

என் கணவர் முந்திக்கொண்டு, "இல்லை" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே ஊரில் கேள்விப்பட்டிருந்தார். அந்தப் பெண் போன பிறகு, "வெவரங்கெட்டவளாட்டம் எதையும் எழுதி வைக்காத. பூச்சி கடிச்சுச் செத்துச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவ? குடியுரிமைக்கு வேற எழுதிப் போட்டிருக்கோம்" என்றார். இங்கே வருவதற்கு விசா எடுத்தபோதும் காவல்துறைச் சான்றிதழ் கேட்டார்கள். பதினைந்து நாளில் வந்தது. என்மேல் எந்தக் குற்றமும் பதிவாகவில்லை என்று முத்திரையோடு எழுதியிருந்தது.

முகாமுக்குப் பெயர்ச்சீட்டு எழுதியதெல்லாம் வீண்தான். கயலின் ஆசிரியை கடைசியில் தானே கூடாரங்களைப் பிரித்துப்போட்டாள். மெலேயும் கயலும் வேறு வேறு கூடாரம். கயல் போய்விட்டு வந்தாள். அந்த அடிக்குப் பிறகு வீட்டில் அவள் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வாள். 'அம்மா' என்பது மட்டும் தமிழில் மிச்சம் இருந்தது.

5

காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் முகாம் போட்டோம். முதல் நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் கூடாரம் அடித்தார்கள், சுற்றிப் பள்ளம் வெட்டினார்கள். பாண்டீஸ்வரி எல்லாக் கூடாரத்துக்கும் போய் முடிச்சுகளை இழுத்துப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எட்ட நின்றுகொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவளாகவே வரிசையின் கடைசியில், கொஞ்சம் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. அன்றிரவு நான் அவள் பக்கத்தில்தான் படுத்தேன்.

இரண்டாம் நாள் வித்யாவுக்குக் காய்ச்சல் கண்டது. சாயங்காலம் உடம்பு கொதித்தது. நான் அவள் கூடாரத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் அங்கேயே தூங்கிவிட்டேன்.

விடிந்து வெளியே வந்தபோது அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. பாண்டீஸ்வரி சாமான் கூடாரத்து வாசலில் குத்தவைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு வலிக்குது டீச்சர்."

"நாளு வந்துருச்சா?"

"இல்ல டீச்சர்."

ஓம வாட்டர் கொடுத்தேன். ராத்திரிச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மற்றப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பறவை பார்க்கப் போய்விட்டேன். முகாம் அட்டவணையில் அப்படித்தான் போட்டிருந்தது. திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவள் அங்கேயே சாக்கில் சாய்ந்திருந்தாள். இமைகள் பாதிக்குமேல் திறக்கவில்லை.

"தூக்கமா வருது டீச்சர். கண்ணத் தொறக்க முடியல."

"சரி, உள்ள போயிப் படு" என்றேன். இதையும் சொன்னவள் நான்தான்.

சமையலுக்கு வந்த ராசாத்தியக்கா தண்ணீர் கொடுக்க வந்தாள். வாயில் ஊற்றிய தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் கடைவாய் வழியே வழிந்தது. அக்கா தம்ளரைக் கீழே போட்டுவிட்டாள்.

"டீச்சர், இது வயித்துவலி இல்ல. பூச்சி பட்டுருக்கு. கட்டுவிரியன். எங்க அண்ணனுக்கு இப்பிடித்தான் கண்ணு சொக்குச்சு."

நான் அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு உடம்பெல்லாம் தேடினேன். காதுக்குக் கீழே எறும்பு கடித்ததுபோல் ஒரு சின்னத் தடிப்பு. வேறு ஒன்றும் இல்லை.

"ராத்திரி ஏதாச்சும் கடிச்சுச்சா? சொல்லுத்தா, சொல்லு."

நாக்குக் குழறியது. காதை வாயருகே வைத்துத்தான் கேட்டேன்.

"காதுகிட்ட என்னமோ ஊர்ந்துச்சு டீச்சர்... சுருக்குன்னுச்சு... எலின்னு நெனச்சேன்... பயமா இருந்துச்சு."

"விசில் ஊதியிருக்கலாம்ல?"

"எல்லாரும் எந்திருச்சு ஏசுவாக..."

"என்கிட்ட வந்திருக்கலாம்ல?"

"அந்தக் கூடாரத்துக்குள்ள நான் வரக் கூடாதுல்ல டீச்சர்."

இதைச் சொன்னபோது அவள் குரலில் குறை ஏதும் இல்லை. ஒரு விதியைச் சரியாக ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

தோப்பிலிருந்து சாலைவரை டிராக்டர். அங்கிருந்து ஜீப். முதலில் போன ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். மூச்சுக்கு மெஷின் வேண்டும், பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள், தாமதித்து வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வேனில் அவள் தலை என் மடியில் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். சின்னமனூரைத் தாண்டியதும் இடைவெளி நீண்டது. வீரபாண்டிக்கு முன்னால் ஒரு தரம் ஏறியது. அதற்குப் பிறகு ஏறவில்லை. கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது.

6

ஐந்தாம் நாள் தலைமை ஆசிரியர் அறையில் என் வாக்குமூலம் எழுதப்பட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மேற்படி மாணவி தம் சொந்த விருப்பத்தின் பேரில் பொருட்கள் வைக்கும் கூடாரத்தில் படுத்துக்கொண்டார்."

பேனாவை நிறுத்தினேன்.

"எழுதும்மா" என்றார் தலைமை ஆசிரியர். "தனியாப் படுக்கப் போட்டோம்னு எழுதுனா ஒன் வேலை போறது மட்டுமில்ல, கேசு வேற மாதிரி ஆயிரும். பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிருவாக. மத்தப் புள்ளைகளும் படிக்கணும்ல?"

எழுதினேன். உயிரோடு இருந்தவரை அவளுக்கு யாரும் 'ஆர்' போட்டுப் பேசியதில்லை. அந்தத் தாளில்தான் போட்டோம். கீழே கையெழுத்திட்டேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் அவள் அப்பா நின்றிருந்தார். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகிறவர். அவரிடமும் ஒரு தாளில் ரேகை வாங்க வேண்டியிருந்தது. நான் வெளியே வந்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், எம்புள்ள ஏன் தனியாப் படுத்துச்சு?"

உள்ளேயிருந்து இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்காவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன்.

"அவளாத்தான் கேட்டா. சாமானப் பாத்துக்கிறேன்னு சொன்னா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கேட்டுருக்கும்" என்றார். "யாருக்கும் எடைஞ்சல் குடுக்காத புள்ள அது."

பிறகு உள்ளே போய் ரேகை வைத்தார்.

விபத்து என்று முடித்துவிட்டார்கள். அடுத்த வைகாசியில் எனக்குக் கல்யாணம். வேலையை விட்டேன். நாலு வருஷம் கழித்து விமானம் ஏறினேன். பாம்புகளே இல்லாத நாடு என்று கேள்விப்பட்டுத்தான் இந்த நாட்டுக்குச் சம்மதித்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

7

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது கயல் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த அலுவலகத்துப் பெண் அவளிடமும் பேசியிருக்கிறாள். அம்மாவுக்கு ஏதோ மனக்கஷ்டம் இருக்கலாம், கேட்டுப் பார் என்றிருக்கிறாள்.

"ஏம்மா அடிச்ச?" ரொம்ப நாள் கழித்துத் தமிழில் கேட்டாள்.

சொன்னேன். காலனி என்றால் என்ன என்று கேட்டாள். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே சாமி, பிறகு ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பாம்பு கடித்தது, வேன், வாக்குமூலம், எல்லாம் சொன்னேன். மடித்த துணிகளின் மேல் உட்கார்ந்து கேட்டாள்.

"போலீஸ் உன்னைப் பிடிக்கலையா?"

"இல்ல."

"நீ பொய் சொன்னேன்னு அவங்க அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கயல் எழுந்தாள். என்னைத் தொடவில்லை. அவளுடைய சட்டைகளை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அன்றிலிருந்து என்னை அவள் பார்க்கிற பார்வையில் ஒரு ஜாக்கிரதை இருக்கிறது. அது போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

8

ஜூலையில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். மூன்றாம் நாள் மார்க்கையன்கோட்டை வழியாக பஸ் பிடித்து பள்ளிக்கூடம் இருந்த ஊரில் இறங்கினேன். எங்கே போகிறேன் என்று தம்பியிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் காலனிக்குத் தார்ரோடு வந்திருந்தது. ஆறு சனிக்கிழமை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஒரு தடவைகூட அவள் வீட்டுக்குப் போனதில்லை. வழி கேட்டுத்தான் போனேன்.

அவள் அம்மா காளியம்மா திராட்சைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அப்பா இறந்து இரண்டு வருஷமாகிறதாம். பாண்டீஸ்வரியின் தங்கை முத்துமாரி ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். அவள்தான் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பாண்டீஸ்வரி தானாகப் போய்ப் படுக்கவில்லை, நான்தான் படுக்கப் போட்டேன், எழுதிக்கொடுத்தது பொய் என்று சொன்னேன்.

காளியம்மா காலைக் கழுவி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியும் டீச்சர்."

"எப்பிடி?"

"அடக்கம் முடிஞ்ச மூணாம் நாளே ஒங்ககூட வந்த புள்ளைக ரெண்டு, வாய்க்கா வரப்புல நின்னு எங்கிட்டச் சொல்லிருச்சுக. தேம்பித் தேம்பி அழுதுச்சுக."

"அப்பாவுக்கு?"

"அவுகளுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஒங்ககிட்ட வந்து கேட்டாக. நீங்களாச் சொல்லுவீகளான்னு பாத்தாக." புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "சொல்லல. அதுக்கு மேல கேட்டு என்ன செய்ய? இவ அப்ப அஞ்சாப்புப் படிச்சா. அடுத்த வருசம் அதே பள்ளிக்கூடத்துக்குத்தானே அனுப்பணும்."

வேப்ப மரத்தடியில் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். காளியம்மா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அவளாப் போயிப் படுத்தான்னு ஆபீசு காயிதத்துல இருக்குல்ல?" என்றாள். "அத மாத்தி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஒங்க கைப்பட. எனக்கு அது போதும்."

குடியுரிமை விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. கணவர் முகம் வந்தது. முத்துமாரி ஒரு நீள நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, பேனாவோடு கொண்டுவந்து வைத்தாள். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். மாணவியை நானே தனிக் கூடாரத்தில் படுக்க வைத்தேன், இரவில் உடன் இருக்கத் தவறினேன், காலையில் அறிகுறிகளைக் கவனிக்கவில்லை, என் முந்தைய வாக்குமூலம் தவறானது. கையெழுத்துப் போட்டு, இப்போதைய விலாசத்தையும் எழுதினேன்.

முத்துமாரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"ஏன் தனியாப் படுக்க வச்சீகன்னு இதுல இல்லையே டீச்சர்."

குரலை உயர்த்தவில்லை. மாணவியின் விடைத்தாளில் விட்டுப்போன வரியைச் சுட்டுகிற மாதிரி கேட்டாள். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். உண்மையில் இல்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன், அந்தச் சொல்லைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போயிருந்தேன். வேண்டுமென்று விடவில்லை. கை தானாகவே விலகிப் போயிருக்கிறது.

பேனாவை மறுபடி வாங்கினேன். கையெழுத்துக்குக் கீழே இடமில்லை. பின்பக்கம் எழுதினேன்: "பாண்டீஸ்வரி காலனிப் பிள்ளை என்பதால், மற்றப் பிள்ளைகளோடு படுக்கக் கூடாது என்று சொன்னார்கள். எனக்கும் அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. அதனால் அவளைச் சாமான் கூடாரத்தில் போட்டேன்." அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து.

முத்துமாரி அந்த மூன்று வரியையும் வாசித்தாள். காளியம்மா நடு வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டுத் தாளை வாங்கி நாலாக மடித்து, ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்தாள்.

"கெளம்புங்க டீச்சர்" என்றாள். "அஞ்சு மணி பஸ்ஸ விட்டா அப்பறம் இல்ல."